யானைக்கும் தீனி வேண்டும்

வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு கருத்து நன்றாக ஊறிப்போயிருக்கிறது. சிக்கலான கேம் என்றால் அது சரியாகச் செய்யப்படாத கேம். கையேடு நூறு பக்கத்தைத் தாண்டுகிறதா, திரை முழுக்க எண்ணும் பட்டியலுமாக இருக்கிறதா, பிடிபடவே ஒரு மாதம் ஆகுமா, அப்படியானால் செய்தவருக்குச் சுருக்கத் தெரியவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு பல வேஷங்களில் வரும். ‘எக்செல் தாளில் கணக்குப் பார்ப்பதற்குக் காசு கொடுத்து ஒரு கேம் எதற்கு?’ என்பது கேலி வேஷம். ‘ஆழமெல்லாம் இருக்கிறது, பாவம் புதியவர்கள்தான் உள்ளே நுழைய முடியாது’ என்பது அக்கறை வேஷம். எல்லா வேஷத்துக்கும் அடியில் ஓடும் கணக்கு ஒன்றே: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆட்டத்தின் சுவை சுண்டைக்காய், விதிகள் சுமைகூலி. கூலியைக் குறைத்தால் எல்லோருக்கும் லாபம்தானே என்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓடுவது, குதிப்பது, சுடுவது என்ற வகை கேம்களுக்கு அது பொருந்தவும் கூடும். பெரிய சிமுலேஷன் கேம்களுக்கும் பெரிய ஸ்ட்ராட்டஜி கேம்களுக்கும் பொருந்தவே பொருந்தாது. அங்கே சுமைகூலி என்று இவர்கள் கழிக்கச் சொல்வதுதான் சரக்கு.

இந்தக் கட்சியில் விவரமானவர்கள் சதுரங்கத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அறுபத்து நான்கு கட்டம், முப்பத்திரண்டு காய். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆயுள் முழுக்க ஆடினாலும் அடிகாண முடியாது. கற்க எளிது, கைவரக் கடினம். அட்டாரியை நிறுவிய நோலன் புஷ்னெல்லின் பெயரிலேயே இது ஒரு விதியாகக் கேம் உலகில் வழங்குகிறது. குறைந்த விதி, நிறைந்த ஆழம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சதுரங்கத்தின் பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தப் பெருமை எப்படிக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்று போர்க்களத்திலிருந்து புறப்பட்டு வந்த ஆட்டம் அது. வரும் வழியிலேயே போரை உதறிவிட்டது. சதுரங்கத்து யானைக்குத் தீனி வேண்டாம். குதிரை களைப்பதில்லை. மழை பெய்து களம் சேறாவதில்லை. சம்பள பாக்கிக்காகக் காலாட்கள் கலகம் செய்வதில்லை. எதிரியின் படை மறைவில்லாமல் கண்ணெதிரே நிற்கிறது. இத்தனையையும் உதறியதால்தான் அது சுத்தமான சிந்தனையாக ஆயிற்று. அதனாலேயே சதுரங்கம் நமக்குச் சதுரங்கத்தைக் கற்றுத் தருகிறது, போரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. சொல்ல வந்த ஆட்டம் என்ன செய்யும்?

கேரி கிரிக்ஸ்பி வடிவமைத்து 2010 இல் வெளியான ‘வார் இன் தி ஈஸ்ட்’ என்ற கேமை எடுத்துக்கொள்வோம். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்த போர். வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டம் என்பது பத்து மைல், ஒரு முறை என்பது ஒரு வாரம். முதல் சில வாரங்கள் டாங்கிப் படைகள் சீறிக்கொண்டு போகும். பிறகு ஏனென்று தெரியாமல் தளரும். படை குறையவில்லை, எதிரி பெரிதாகத் தடுக்கவும் இல்லை. காரணம் தண்டவாளம். சோவியத் ரயில்பாதையின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதை 1,435. இந்த 89 மில்லிமீட்டர் வித்தியாசத்தால் ஜெர்மன் ரயில் எல்லையோடு நின்றுவிடும். பாதையை மாற்றி அமைக்கும் பிரிவுகள் உங்களிடம் சிலவே இருக்கும். அவற்றை வாராவாரம் நீங்களே கையால் நகர்த்த வேண்டும். லெனின்கிராடை நோக்கியா, மாஸ்கோவை நோக்கியா, கீவை நோக்கியா? ரயில் முனையைத் தாண்டி லாரிதான் எண்ணெயும் குண்டும் சுமக்க வேண்டும். தூரம் கூடக் கூட லாரிகள் பழுதாகும். லாரி பழுதானால் டாங்கி நிற்கும்.

விமர்சகர் இதைத்தான் ‘நுணுக்கி நுணுக்கிக் கழுத்தறுக்கும் நிர்வாகம்’ என்பார். எடுத்துவிடலாம், தடையில்லை. கேம் எளிதாகும், வேகமாகும், அம்புக்குறிகள் மாஸ்கோவரை பறக்கும். கூடவே அந்தப் போர் ஏன் அப்படி முடிந்தது என்பதும் பறந்துவிடும். மிஞ்சுவது ஐரோப்பிய வரைபடத்தின் மேல் வைத்த சதுரங்கப் பலகை.

இந்த வழக்கு கணினிக்கு முந்தியது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி 1824 இல் படைத் தலைமைத் தளபதி முஃப்லிங்கிடம் ஆடிக் காட்டினார். 1:8000 அளவில் வரைந்த உண்மையான நிலப்படம், படைப் பிரிவுகளுக்குச் சிறு கட்டைகள், சேதத்தைக் கணக்கிடப் பகடையும் அட்டவணைகளும், நடுவே ஒரு நடுவர். இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரியின் எந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்பதை நடுவரே முடிவு செய்வார். சலிப்போடு பார்க்க உட்கார்ந்த தளபதி, எழுந்திருக்கும்போது இதைப் படை முழுவதற்கும் பரிந்துரைக்கத் தயாராகிவிட்டார் என்பது போர் ஆட்டங்களின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை.

பிறகு வந்தது இன்று கேட்கும் அதே முணுமுணுப்பு. விதிகள் அதிகம், அட்டவணைகள் அதிகம், நேரம் பிடிக்கிறது. 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுவரின் தீர்ப்பே போதும் என்று ஒரு ‘சுதந்திர’ முறையைக் கொண்டுவந்தார். சுருக்கச் சொல்கிறவர்களுக்கு இது பெரிய வெற்றி போலத் தோன்றும். ஆனால் சிக்கல் எங்கே போயிற்று என்று பாருங்கள். அட்டவணையிலிருந்து இறங்கி நடுவரின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அந்த நடுவர்கள் பிரஷ்யாவின் 1866, 1870 போர்களை நேரில் கண்டவர்கள். அனுபவமில்லாத ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் சுதந்திர முறை அவருடைய மனப்போக்காகச் சுருங்கிவிடும். எந்தச் சிக்கலையும் யாராவது ஒருவர் சுமந்துதான் ஆக வேண்டும். கணினி வந்தபின் செய்த நல்ல காரியம், சலிக்காமல் அட்டவணை பார்க்கும் நடுவரை நம் வீட்டுக்கே கொண்டுவந்தது. அவரை வேலைக்கு அமர்த்திவிட்டு, ‘நீ அட்டவணை பார்க்காதே’ என்று சொல்வது என்ன புத்திசாலித்தனம் என்று எனக்குப் புரியவில்லை.

போரை விடுவோம், எல்லோருக்கும் பிடித்த ஓர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. மெக்சிகோ சிட்டியில் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் ஃபெலிப்பே ஃபாலாங்கே தொடங்கியது, 2011 இல் முதல் பொது வெளியீடு, 2015 இல் முழுப் பதிப்பு. பச்சை நிறக் குள்ள மனிதர்களுக்கு ராக்கெட் கட்டிக் கொடுக்க வேண்டும். பார்க்கக் குழந்தைகள் கேம், உள்ளே கெப்லரும் நியூட்டனும்.

அதில் எல்லோரையும் ஒரு வாரம் அழவைக்கும் பாடம், சுற்றுப்பாதையில் இரண்டு கலங்களைச் சந்திக்கவைப்பது. உங்கள் கலம் 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,246 மீட்டர், ஒரு சுற்றுக்கு முப்பத்து மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதே பாதையில் பத்து கிலோமீட்டர் முன்னால் இன்னொரு கலம். என்ன செய்வீர்கள்? மூக்கை அதை நோக்கித் திருப்பி எஞ்சினை முடுக்குவீர்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகம் கூடுகிறது. கொஞ்ச நேரம் இடைவெளி குறைவது போலவும் தெரியும். ஆனால் வேகம் கூடியதால் உங்கள் பாதையின் மறுமுனை மேலே போய்விட்டது, பாதை நீண்டுவிட்டது. ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வரும்போது 26 நொடி தாமதம். முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ 58 கிலோமீட்டர் கூடுதலாகப் பின்தங்கியிருப்பீர்கள். முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தாழ்ந்த, குறுகிய பாதையில் விழுந்து சீக்கிரம் சுற்றி வருவீர்கள்.

1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 என்ற நிஜ விண்கலத்தில் இருந்த ஜேம்ஸ் மெக்டிவிட் செய்ததும் இதைத்தான். தன்னை ஏற்றிவந்த டைட்டன் ராக்கெட்டின் கழற்றிவிட்ட மேல்நிலையை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கித் திருப்பினார், உந்தினார், அது விலகியது. எரிபொருளைக் கணிசமாக இழந்து முயற்சியைக் கைவிட்டார்கள். போர் விமானம் ஓட்டிய தேர்ந்த விமானி அவர். சூத்திரம் காகிதத்தில் இல்லாமலும் இல்லை. பஸ் ஆல்ட்ரின் 1963 இலேயே எம்.ஐ.டி.யில் இந்தச் சந்திப்பைப் பற்றித்தான் முனைவர் ஆய்வேடு எழுதியிருந்தார். கைக்கும் கண்ணுக்கும் அது பழகியிருக்கவில்லை என்பதுதான் குறை. இன்று பள்ளியில் படிக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அது கைப்பழக்கம். அவர்கள் சூத்திரம் படித்து அதைப் பெறவில்லை. நான்கு முறை தவறவிட்டு, ஐந்தாம் முறை ஏன் தவறுகிறது என்று யோசித்துப் பெற்றார்கள்.

சுருக்கச் சொல்கிறவர் இந்தக் கேமை என்ன செய்வார்? இலக்கை அழுத்தினால் தானே போய்ச் சேரும் ஒரு பட்டனை வைப்பார். எதற்காக அந்தக் கேம் இருக்கிறதோ அதை ஒரு பட்டனுக்குள் புதைத்துவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெர்பலில் எல்லாமே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேமின் பூமிக்கு ஆரம் 600 கிலோமீட்டர்தான், நம் பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நேரத்தில் ஒரே கோளின் ஈர்ப்பைத்தான் அது கணக்கில் எடுக்கும். நிஜத்தில் எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கும். ஃபாலாங்கே வெட்ட வேண்டியதை வெட்டியிருக்கிறார். வெட்டக்கூடாததில் கைவைக்கவில்லை. சிக்கலை ஆதரிப்பவன் எதையும் வெட்டக்கூடாது என்று சொல்வதாக எதிர்க்கட்சி ஒரு வைக்கோல் பொம்மையைச் செய்து வைத்திருக்கிறது. அந்தப் பொம்மையோடு அவர்களே மல்லுக்கட்டிக்கொள்ளட்டும்.

சிக்கலின் உச்சம் என்று எல்லோரும் விரல் நீட்டும் கேம் ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’. டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற இரு சகோதரர்கள் 2002 இல் தொடங்கியது. டார்ன், ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு 2006 ஆகஸ்டில் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டார். அன்றிலிருந்து பதினாறு ஆண்டுகள் ஆடுபவர்கள் மனமுவந்து அனுப்பும் பணத்தில் காலம் தள்ளினார்கள். கேம் முதலில் ஓர் உலகத்தையே செய்யும்: மலை எழும், ஆறு அரிக்கும், மலையின் ஒரு பக்கம் மழை பெய்யும், மறுபக்கம் வறளும், பிறகு நூற்றாண்டுகளின் வரலாறு ஓடும். அதன் ஒரு மூலையில் ஏழு குள்ளர்களோடு நீங்கள் சுரங்கம் வெட்டத் தொடங்குவீர்கள். திரையில் இவை எல்லாம் வெறும் எழுத்துகள். பூனை என்றால் ‘சி’, கோப்ளின் என்றால் ‘ஜி’.

2015 இல் இந்தக் கேமுக்குள் மதுக்கடைகள் சேர்க்கப்பட்டன. சேர்த்த கொஞ்ச நாளில் ஒரு புகார் வந்தது: கடையில் பூனைகள் வாந்தியெடுத்துச் செத்துக் கிடக்கின்றன, சண்டை எதுவும் நடக்கவில்லை. டார்ன் ஆடம்ஸ் துருவிப் பார்த்தார். குடிப்பவர்கள் தரையில் மதுவைச் சிந்துகிறார்கள். தரையில் உள்ள திரவம் நடப்பவர் காலில் ஒட்டும் என்பது முன்பே இருந்த விதி. பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் என்பது இன்னொரு பழைய விதி. நக்கினால் உள்ளே போகும். உள்ளே போன மது உடல் எடைக்கேற்பப் போதை தரும் என்பது மூன்றாவது விதி. பிழை ஒரே ஒரு எண்ணில்தான் இருந்தது: ஒரு முறை நக்கியதை ஒரு முழுக் குவளையாகக் கேம் கணக்குப் போட்டுவிட்டது. குவளைக் குவளையாகக் குடித்த பூனை என்ன ஆகும்? பூனை சாகட்டும் என்று எந்த வரியிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. தனித்தனியே எழுதப்பட்ட விதிகள் ஒன்றையொன்று சந்தித்தபோது அது நடந்தது. இலக்கியத்திலோ சினிமாவிலோ எழுதியவருக்கே தெரியாத ஒன்று கதைக்குள் நடக்க வழியில்லை. இங்கே நடக்கிறது, நடப்பதற்கு விதிகளின் பெருக்கம்தான் காரணம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 இல் முதன்முதலாகப் பதினான்கு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, டெட்ரிஸுக்கும் பேக்-மேனுக்கும் பக்கத்தில் இந்த எழுத்துக் குவியலையும் வைத்தது.

இப்போது முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 6 அன்று ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விலைக்கு வந்தது. மருத்துவச் செலவின் பயம்தான் சகோதரர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது. ஜாக் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றிருந்தார். கிட்ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து எழுத்துகளுக்குப் பதில் படங்கள் போட்டார்கள். மவுஸ் வேலை செய்தது. தொடக்கப் பாடம் ஒன்று வந்தது. உள்ளே இருந்த உலகம், வரலாறு, வாந்தி, போதை, துக்கம் எல்லாம் அப்படியே. அந்த மாதம் முடிவதற்குள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பிரதிகள் விற்றன. சிக்கல்தான் மக்களைத் துரத்துகிறது என்றால் இந்த ஐந்து லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? துரத்திக்கொண்டிருந்தது விசைப்பலகைக் குறுக்குவழிகளும் படிக்க முடியாத திரையும். அதைத் திருத்தச் சொன்னவர் சரியாகச் சொன்னார். உலகத்தைக் குறைக்கச் சொன்னவர் தவறாகச் சொன்னார். விமர்சனங்களில் இந்த இரண்டு குரலும் ஒரே வாக்கியத்தில், ஒரே பெருமூச்சோடு வருவதுதான் கோளாறு.

எதிர்த் திசையிலும் சாட்சி உண்டு. பாரடாக்ஸ் நிறுவனம் 2019 ஏப்ரலில் ‘இம்பரேட்டர்: ரோம்’ வெளியிட்டது. அதில் ஓர் ஊரின் மக்களை உங்கள் மதத்துக்கோ பண்பாட்டுக்கோ மாற்ற வேண்டுமென்றால், சேர்த்துவைத்த புள்ளிகளில் கொஞ்சம் செலவழித்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அந்தக் கணமே மாறிவிடுவார்கள். எளிமை என்றால் இதைவிட எளிமை ஏது? ஆடுபவர்கள் கொதித்துப்போனார்கள். மந்திரவாதி கேம்களின் மந்திர சக்தியைப் போல இருக்கிறது என்று ‘மனா’ என்று பெயர் வைத்துக் கிழித்தார்கள். செப்டம்பரில் வந்த 1.2 பதிப்பில் நிறுவனம் அந்தப் புள்ளிகளையே எடுத்துவிட்டு, மாற்றம் மெல்ல மெல்ல, காரணங்களைப் பொறுத்து நடக்கும்படி செய்தது. கேம் அதற்குப் பிறகும் எழவில்லை. 2021 இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்தவர்கள் என்ன கேட்டார்கள்? பட்டனைப் பிடுங்கிக்கொண்டு காரணத்தைக் கொடு என்றார்கள்.

2013 இல் வந்த ‘சிம்சிட்டி’ என்ற நகரம் கட்டும் கேமும் இதே கதை. ஒவ்வொரு குடிமகனும் தனித்தனியே இயங்குகிறான் என்று விளம்பரம். உள்ளே பார்த்தால், காலையில் கிளம்புகிறவன் பக்கத்தில் காலியாக உள்ள வேலைக்குப் போவான். மாலையில் பக்கத்தில் காலியாக உள்ள வீட்டுக்குப் போவான். நேற்றைய வீடும் கிடையாது, நேற்றைய வேலையும் கிடையாது. வண்டி நிறுத்தும் இடங்களை நிஜ அளவில் வைத்தால் ஊரே வண்டி நிறுத்துமிடமாகத் தெரியும் என்று அவற்றை மறைத்துவிட்டதாகத் தலைமை வடிவமைப்பாளர் ஸ்டோன் லைப்ரண்ட் வெளிப்படையாகவே சொன்னார். அமெரிக்க நகரங்களைப் பற்றி அந்தக் கேம் சொல்லியிருக்கக்கூடிய மிக உண்மையான விஷயம் அதுதான், அதைப் போய் மறைத்தார்கள். 2015 மார்ச்சில் ஃபின்லாந்தின் டாம்பெரே நகரத்திலிருந்து ஒரு டஜன் பேர் சொச்சம் கொண்ட குழு ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ கொண்டுவந்தது. அதில் குடிமகனுக்குச் சொந்த வீடும் சொந்த வேலையும் உண்டு. அதனால் போக்குவரத்து நெரிசலும் உண்டு, பாதி கேம் அந்த நெரிசலோடு போராடுவதுதான். ஒரு மாதத்தில் பத்து லட்சம் விற்றது. சிம்சிட்டியைச் செய்த எமரிவில் ஸ்டூடியோவை அதே மார்ச்சில் இழுத்து மூடினார்கள்.

வீண் சிக்கல் என்று ஒன்று இல்லவே இல்லையா? தாராளமாக இருக்கிறது. ரிச்சர்ட் பெர்க் 1979 இல் வடிவமைத்த ‘தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற பலகை ஆட்டம் பத்துப் பேர் கூடி ஆட வேண்டியது, முடிக்க ஏறத்தாழ 1,500 மணி நேரம் என்பார்கள். இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. கேலியாகச் சேர்த்ததாகப் பின்னாளில் பெர்க்கே சொன்னார். ஆனால் அதே ஆட்டத்தில், எரிபொருளை எந்தக் கலனில் சுமக்கிறாய் என்பதைப் பொறுத்து அது ஆவியாகும் அளவு மாறும் என்ற விதியும் இருக்கிறது. பாலைவனப் போரில் அது கேலி அல்ல. எண்ணெய் எவ்வளவு மிஞ்சும் என்பதும், எவ்வளவு தூரம் முன்னேறலாம் என்பதும் அதனால் மாறும். ஒரு விதி மற்ற விதிகளைத் தொட்டு என் முடிவை மாற்றுகிறதா? மாற்றினால் இருக்கட்டும், மாற்றாவிட்டால் குப்பை. பாரடாக்ஸின் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போன துணைப் பதிப்புகளில் இந்தக் குப்பை நிறைய உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு புதிய பெட்டி, ஒரு புதிய பட்டன். ஒரு பெட்டி இன்னொன்றோடு பேசுவதே இல்லை. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். திட்டுக்குக் காரணம் அதன் பருமன் அல்ல, பெட்டிகளுக்குள் உறவில்லாமை.

கேம் ரசிகர்களில் சிலர் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும், அவர்கள் என் கட்சி என்பதற்காக விட முடியாது. இத்தனை விவரம் இருப்பதால் இது நிஜம் என்று நம்பிவிடுகிறார்கள். நிஜம் அல்ல, ஒருவருடைய வாதம். ‘குரூசேடர் கிங்ஸ் 2’ கேமுக்கு 2014 மார்ச்சில் வந்த ‘ராஜாஸ் ஆஃப் இந்தியா’ துணைப் பதிப்பில் சோழர்களாக ஆடலாம். ஆனால் அதன் இயந்திரம் ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்துக்காகச் செய்யப்பட்டது: அரசன், அவனுக்குக் கட்டுப்பட்ட பிரபு, பிரபுவுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசன், இவர்களுக்குள் திருமணமும் சதியும். அதே சட்டையைச் சோழனுக்கும் மாட்டிவிட்டார்கள். சோழ அரசு எப்படிப்பட்டது என்பது நம் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய வழக்கு. நீலகண்ட சாஸ்திரி 1930களில் வலுவான மைய ஆட்சியை வரைந்தார். பர்ட்டன் ஸ்டெயின் 1980 இல் அதை மறுத்து, அதிகாரம் நாடுகளிலும் ஊர்களிலும் சிதறிக் கிடந்தது என்றார். கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணி எடைபோட்டு ஸ்டெயினோடு மாறுபட்டார்கள். ஊரும் சபையும் நாட்டாரும் நகரத்தாரும் இந்த இயந்திரத்தில் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதைப் பாருங்கள். இந்த விதி தவறு, இந்த எண் தவறு, இங்கே ஊர்ச்சபையைச் சேர்க்க வேண்டும் என்று கையை வைத்துச் சொல்லலாம். மோட் செய்ய, அதாவது கேமின் விதிகளை மாற்றி எழுத, தெரிந்தவர்கள் திருத்தியே காட்டலாம். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆஸ்திரேலியாவையும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் ஆளில்லாத காலி மனை போல வைத்திருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் அங்கெல்லாம் பல பூர்வகுடி அரசுகள் சேர்ந்தன. சதுரங்கத்தில் இப்படி எதையும் திருத்த முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. தவறாகச் சொல்லக்கூடிய அளவுக்கு விரிவாகப் பேசுகிற கேம்தான் விவாதத்துக்கு உரியது.

கடைசியாக, நேரம். வேலைக்குப் போகிறவனுக்கு ஐம்பது மணி நேரம் கற்றுக்கொள்ள எங்கே இருக்கிறது என்பார்கள். கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தால் எல்பிடபிள்யூ கிடையாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டால், ஆட முயன்றானா இல்லையா என்று பார்க்க வேண்டும். மழை வந்தால் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன். தெருவில் ஆடும் பத்து வயதுப் பொடியன் இதையெல்லாம் நடுவரைவிட நன்றாகப் பேசுவான். யாரும் அவனுக்கு டுடோரியல் போடவில்லை. டெஸ்ட் போட்டிக்கு ஐந்து நாள் எதற்கு, அரை மணியில் முடிக்கலாமே என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். கற்றுக்கொள்ளும் நேரம் ஆட்டத்துக்கு முந்திய வரிசையில் நிற்கும் நேரம் என்று நினைப்பதால் வரும் வினை இது. கெர்பலில் கலத்தைத் தவறவிட்ட அந்த நான்கு முறையும் ஆட்டம்தான். கற்று முடித்த பின், சொல்லப்போனால், பலர் அதைத் திறப்பதே இல்லை.

அதனால் விமர்சனம் எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘மிகவும் சிக்கலானது’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். எந்த விதி, அது எதைத் தொடுகிறது, எடுத்துவிட்டால் என்ன காணாமல் போகும் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். திரை மோசம் என்றால் திரை மோசம் என்றே எழுதுங்கள், உலகத்தின் தலையில் பழியைப் போடாதீர்கள்.

ஆடிப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கெர்பலில் தொடங்குங்கள், யூடியூபில் விடை பார்க்காமல் முதல் சந்திப்பை நீங்களே முயலுங்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸை நேரடியாகத் தொட ஆசைப்படுகிறவர்கள் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஸ்டீமில் விற்பது படம் போட்ட பதிப்பு. எழுத்துகளால் ஆன பழைய வடிவத்தை ஆடம்ஸ் சகோதரர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.